இன்பாக்ஸில் அழுதவளின் குரல்

மக்கா,

நீ போனை எடுக்காததால் இதை எழுதுகிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து ஏழு தடவை கூப்பிட்டாயிற்று. கடைசியில் "மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன்" என்று ஒரு வரி வந்தது. அதை நீ தட்டினாயா, உன் போன் தானாக அனுப்பியதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. இன்று சனிக்கிழமை. உன் அப்பா காலையிலேயே பேனாவும் பேப்பரும் எடுத்துத் தந்துவிட்டு, "பேசினா நீ சத்தம் போடுவ, எழுது" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அவரே உனக்கு அனுப்புவார். நடுவில் நிறுத்தாமல் படி. திங்கட்கிழமை நீ பெங்களூருக்குப் பெரிய வேலைக்குப் போகிறாய். அதற்கு முந்தின நாள், நாளைக் காலை, பொழியூர் தேவாலயத்தில் நம் மீன்காரி லூர்தக்காவின் மகள் ஷைனியின் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாவது, கடைசி முறையாக வாசிக்க வேண்டும். வாசிப்பார்களா என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. அது உன் கையில் இருக்கிறது. உன் கையில் மட்டும்தான் இருக்கிறது என்று நேற்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "நீ மட்டும் யோக்கியமா அம்மா?" என்று நீ கேட்பாய். செவ்வாய்க்கிழமை மதியம் அந்த வீடியோ எனக்கு வந்தது. என்னோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே திட்டுகிறாள். குரலை வேகமாக்கிக் கீச்சுக் குரலாக மாற்றி, பின்னால் செண்டை மேளம் அடித்து, கீழே மலையாளத்தில் எழுத்து ஓடவிட்டிருந்தது. கடைசியில், "காய்ந்த சாளைமீன் முகம் இனி வேண்டாம், எங்கள் பிரியாணி போதும்" என்று நீ பேஜ் பார்த்துக்கொள்ளும் கேட்டரிங் கம்பெனியின் விளம்பரம். நான் சிரித்தேன் மக்கா. வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, அவரும் சிரித்தார். என் தங்கைக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நானே அனுப்பினேன். அதோடு விட்டேனா? உன்னைக் கூப்பிட்டு, "எலே, உன் பேஜ்ல வந்தது கொள்ளாமே!" என்று மெச்சினேன். நீயும் எவ்வளவு சந்தோஷப்பட்டாய். கடற்கரைப் பேச்சு ஆபீஸில் யாருக்கும் பிடிபடவில்லை, உன்னைக் கூப்பிட்டுத்தான் கேட்டார்கள், நீதான் கீழே எழுத்துப் போட்டாய், பெங்களூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உன் பெயரைச் சொன்னார்கள் என்றாய். நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

வியாழக்கிழமை மீன்காரி வரும் நாள். லூர்தக்கா வரவில்லை. அவளுடைய ஊர்க்காரி இன்னொருத்தி மீன் சருவத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். நம்முடைய கேட்டில் நின்று, "லூர்து இனி கொஞ்ச நாளு வரமாட்டா. வெளிய எறங்கவே நாணமாக்கும் அவளுக்கு" என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சேச்சி காணல்லியா? ஊரு முழுக்க ஓடுதே, காஞ்ச சாளைன்னு? அது அவளாக்கும்." இருபது வருஷம் இந்தக் குன்னத்துகால் ரோட்டில், நம் வீட்டு வாசலில் கேட்ட குரல். கீச்சென்று மாற்றியதால் எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அவள் உங்கள் பேஜின் இன்பாக்ஸுக்கு அனுப்பிய அந்தக் குரலை, மாற்றுவதற்கு முன்னால் கேட்டவன் நீ.

அந்த நிமிஷமே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அம்மா, அது அவங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. அவங்கன்னு தெரிஞ்சா நான் செய்வேனா?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் யோசித்துப் பார். சின்ன வயதில் காய்ச்சலில் நீ எதுவும் தின்னாமல் கிடந்தபோது, "பிள்ளைக்கு நெத்தோலி வறுத்துக் குடு சேச்சி" என்று காசு வாங்காமல் ஒரு கை அள்ளிப் போட்டவள் அவள். அந்தக் குரல் ஒன்றரை நிமிஷம் உன் காதில் அழுதிருக்கிறது. அதில் எந்த இடத்தை வெட்டலாம், எதை எழுத்தாகப் போட்டால் சிரிப்பார்கள் என்று நீ நாலைந்து தடவை திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பாய். அப்படியும் யாரென்று தெரியவில்லை என்றால், அழுகிறவள் ஒரு மனுஷி என்று உனக்குத் தோன்றவே இல்லை என்றுதானே அர்த்தம்? நீ பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

"அவங்கன்னு தெரிஞ்சா செய்வேனா" என்ற பதில் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. தெரியாதவள் என்றால் செய்யலாமா? வேறு ஊர்க்காரி, வேறு யாருடைய வீட்டு வாசலிலோ மீன் விற்பவள் என்றால் பரவாயில்லையா? உன் தொழிலில் தினமும் தெரியாதவர்களோடுதானே பேசுகிறாய்? தெரிந்தவர்களிடம் மரியாதையாக இருக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முகம் தெரியாத ஒருத்தி கோபத்தோடும் கண்ணீரோடும் வந்து நிற்கும்போது எப்படிப் பேசுகிறோம் என்பதுதானே உன் வேலையே. "பேரை மறைச்சிட்டேன், போட்டோவை மறைச்சிட்டேன்" என்றாய். ஷைனியின் மனசம்மதத்துக்கு, அந்த நிச்சயதார்த்த விருந்துக்கு, உங்கள் கம்பெனி கொடுத்த பிரியாணி ஊசிப்போனதும், மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்ததும் அந்தப் பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரியாதா? அவர்களுக்குப் பேர் எதற்கு?

இதெல்லாம் தெரியாதவளாக நான் பேசவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், உன் அப்பாவுக்கும் இது இன்றைக்குத்தான் தெரியப்போகிறது. நான் டிப்போவில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலம். என் முன்னால் மைக் இருக்கும். நீ ஒரு தடவை வந்தபோது, "அம்மா, நீ சொன்னா ஸ்டாண்ட் முழுக்கக் கேட்குமா?" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டாயே, அதே மைக். ஒருநாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தேன். பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா வெள்ளறடை பஸ் எப்போது என்று வந்து கேட்டார். சொன்னேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் வந்தார். நாலாவது தடவை வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை இழுத்து மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, "பச்சைச் சேலை கட்டிய அம்மாவின் கவனத்துக்கு, உங்கள் பஸ் கிளம்பியதும் உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தகவல் சொல்கிறோம்" என்றேன். ஸ்டாண்டே சிரித்தது. கண்டக்டர்கள் கைதட்டினார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு ஸ்டாண்டை விட்டு வெளியே நடந்துபோனார். அவருடைய பஸ் ஐந்து நிமிஷத்தில் வந்து, அவர் இல்லாமலே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் ஸ்டாண்டுக்குள் வரவே இல்லை. மேலே ஏற்றத்தில் அடுத்த ஸ்டாப்பில், வெயிலில் நின்று பஸ் ஏறுவார். வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது வாரத்துக்கு இரண்டு நாளாவது அவரைப் பார்ப்பேன். வருஷக்கணக்காகப் பார்த்தேன். ஒரு காது கேட்காதவர் என்று பிறகு ஒரு கண்டக்டர் சொன்னார். இறங்கிப்போய், "அம்மா, தப்பாப் போச்சு" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிஷம்கூட ஆகாது. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒருநாள் அவர் அங்கே நிற்கவில்லை. பிறகு எப்போதும் நிற்கவில்லை. என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. மைக் கையில் இருப்பவருக்கு ஒரு நொடிச் சிரிப்பு. கேட்டவர் எத்தனை நாள் எங்கே நின்று பஸ் ஏறுகிறார் என்று மைக்குக்குத் தெரிவதில்லை. உன் கையில் இருப்பது என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு பெரிய மைக்.

நேற்று, வெள்ளிக்கிழமை, பஸ் ஏறிப் பொழியூருக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று வைத்துக்கொள். ஓங்கி அடித்த காற்றில் மணல் முகத்தில் குத்தியது. லூர்தக்கா வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "சேச்சியே, நிங்க வந்தியளா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் விற்கிற கை மக்கா, மூன்று நாளாக வேலை செய்யாமல் விரலெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஷைனி சுவர் ஓரம் நின்றிருந்தாள். நர்சிங் படித்த பிள்ளை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவின் கீழே வந்திருக்கும் ஒவ்வொன்றையும் அவள் படிக்கிறாள். அம்மாவிடம் படித்துச் சொல்வதில்லை.

"அம்மை பேசினது எங்க வீட்டுப் பேச்சாக்கும் ஆன்ட்டி. அதில சிரிக்க என்ன உண்டு?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

பிறகு, தன் போனிலிருந்து தன் பெயரில் போன அந்த முழு மெசேஜையும் அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள். நீ வெட்டாத முழுசு. லூர்தக்கா சொல்கிறாள்: "உங்ககிட்டயாக்கும் சாப்பாடு சொல்லியிருந்தோம். பிரியாணி ஊசிப்போச்சு. மாப்பிள வீட்டுக்காரரு ஒரு வாய் வச்சிட்டு எழும்பினாவ. மாப்பிளைக்க அம்மைக்க மொகம் காஞ்ச சாளை மாதிரி சுருங்கிப் போச்சு." வீடியோவில் இதோடு முடிகிறது, உடனே செண்டை மேளம். ஆனால் அவள் நிறுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்து பேசியிருக்கிறாள்: "அவளச் சொல்லிக் குற்றமில்ல. தூரத்தில இருந்து பசிச்சு வந்தவளாக்கும். எனக்க பிள்ளைய எடுக்கப்போற அம்மைக்கு ஒரு வாய் நல்ல சோறு குடுக்க எனக்குப் பற்றல்லியே. இதுக்கு நிங்க ஒரு வார்த்த பதில் சொல்லணும்."

ஒரு வார்த்தை பதில். அவள் கேட்டது அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை, பேஜில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கம்பெனியின் மானத்தை வாங்கவில்லை. மரியாதையாக உள்ளே வந்து, இன்பாக்ஸில், உங்களிடம் மட்டும் சொன்னாள். "எங்கள் தவறு அம்மா, என்ன நடந்தது என்று பார்க்கிறோம்" என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீன் விற்கப் போயிருப்பாள். வீட்டுக்குள் வந்து மெதுவாகக் குறை சொன்னவளைத் தெருவில் இழுத்துப் போட்டீர்கள். இனி உங்கள் கம்பெனியிடம் எவள் தனியாக வந்து குறை சொல்வாள்? எனக்கு வந்த கோபத்தில் உன்னை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன், நீ பக்கத்தில் இருந்திருந்தால்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அந்த வீடியோவை எத்தனையோ பேர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் ஊரில் பிள்ளைகள் அந்த அம்மாவைப் பார்த்தால் சாளை என்று கூப்பிடுகிறார்களாம். அவர் என்ன பாவம் செய்தார்? புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தேவாலயத்து அச்சனிடம் வந்து, மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஷைனி முழு மெசேஜையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள். "இது இப்ப பேசிச் சேர்த்ததாக்கும், ஆரை ஏமாத்துதிய?" என்று கேட்டுவிட்டு அவளுடைய நம்பரையே தடுத்துவிட்டார்கள். புரிகிறதா மக்கா? லூர்தக்கா சொன்னால் நம்ப மாட்டார்கள். ஷைனி சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வெட்டியவன் வந்து, "நான்தான் வெட்டினேன், மீதி இதுதான், முதலிலிருந்தே இருந்தது" என்று சொன்னால்தான் நம்புவார்கள். வெட்டியவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான்.

இன்னொன்றும் நேற்றுத்தான் தெரிந்தது. எழுதக் கை கூசுகிறது. இவ்வளவு கம்பெனி இருக்க இவர்களை ஏன் பிடித்தீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். ஷைனி சொன்னாள், "ஆன்ட்டி எழுதினதக் கண்டுதான். உங்க பேரும் போட்டோவும் கண்டப்போ அம்மைக்குப் பெரிய சந்தோஷம். நம்ம சேச்சி சொல்லியாச்சுன்னா பின்ன வேற பாக்க வேண்டாம்னு சொன்னாவ." போன வருஷம் நீ என்னிடம், "அம்மா, ஒரு அஞ்சு ஸ்டார் போடு, ரெண்டு வரி எழுது" என்று சொன்னாயே. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ சொல்லச் சொல்ல, "எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள்தான், ருசியும் சுத்தமும் ஒன்றாம் தரம்" என்று தட்டினேன். நம் வீட்டில் என்ன விசேஷம் நடந்தது? அவர்கள் பிரியாணியை இன்று வரை நான் வாயில் வைத்ததில்லை. என் சித்தி, உன் கூட்டாளிகள், எல்லோரிடமும் இப்படித்தான் போடச் சொல்லியிருக்கிறாய். வீட்டுப் பிள்ளைக்கு ஓர் உபகாரம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அந்த இரண்டு வரியை நம்பி அவள் தன் மகளின் மனசம்மத விருந்தை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறாள்.

சரி, அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேனா என்று கேட்பாய். சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து லூர்தக்கா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "சேச்சி, உங்க மோனுக்கு கம்ப்யூட்டர் வேலைதானே? அவனுக்கு இதெல்லாம் தெரியுமே. அவன்கிட்டச் சொல்லி இத எடுக்கப் பற்றுமா? ஆரு செய்தான்னு எனக்கு அறிய வேண்டாம். சாபம் ஒண்ணும் போடல்ல. நாளக் கழிஞ்சு ஓலை. அதுக்கு முன்னாடி இது போனா போதும்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேட்டுப் பார்க்கேன் அக்கா" என்றேன். உன் அம்மா, முப்பது வருஷம் மைக்கில் பேசியவள், அதற்கு மேல் ஒரு சொல் வராமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உன்னைக் கூப்பிட்டேன். அந்த ஒரு தடவை எடுத்தாய். நீ சொன்னதையும் எழுதுகிறேன், உன் கண்ணால் படித்துப் பார். "எடுத்திடலாம் அம்மா, திங்கள் கழியட்டும். பெங்களூருக்குக் காட்டின ரிப்போர்ட்ல அதாக்கும் முதல்ல இருக்கு. இப்ப எடுத்தா கம்பெனி கேட்கும். வேணும்னா, யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்னு ஒரு போஸ்ட் போடச் சொல்லுதேன்" என்றாய். யாருக்காவதா? லூர்தம்மாவுக்கு. ஏற்பட்டிருந்தாலா? ஏற்பட்டது. வருந்துகிறோம் என்றால் யார் வருந்துவது? பேஜா வருந்தும்? இப்படிப்பட்ட வாக்கியத்தை எழுதத்தான் உனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால், அந்த வேலையை நினைத்து நான் பாயசம் வைத்ததை நினைத்தால் கசக்கிறது. சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் மட்டும் தீருமா? எத்தனை போனில் அது கிடக்கிறது? நான் அனுப்பிய மூன்று போனில் கிடக்கிறதே. எடுப்பது பாதி வேலை. ஏன் எடுத்தோம் என்று, அதைப் போட்ட அதே இடத்தில், அதே எல்லோரும் பார்க்கும்படி சொல்வதுதான் மீதி. பிரியாணி ஊசிப்போனது எங்கள் தவறு, எங்களிடம் தனியாகச் சொன்னதை அவரிடம் கேட்காமல் வெளியே விட்டோம், நடுவில் வெட்டினோம், வெட்டிய பகுதியில் அவர் சம்பந்தி வீட்டாரைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்லியிருந்தார். இந்த நாலு வாக்கியம் போதும். லூர்தக்காவின் பெயரை மறுபடியும் இழுக்காதே. அந்த முழுக் குரலையும் அவளிடம் கேட்காமல் மறுபடியும் எங்கேயும் போட்டுவிடாதே, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. மாப்பிள்ளையின் அம்மாவை மட்டும் நேரில் போய்ப் பார். அந்த வீட்டு வாசலில் நின்று சொல்.

வேலை போகுமா? போகலாம். கம்பெனி உன்மேல் பழியைப் போட்டுத் தான் தப்பிக்கப் பார்க்கும், அதுவும் நடக்கலாம். நான் உன்னை ஏமாற்றவில்லை, ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் உன் தமிழ் கலந்த பேச்சைக் கேட்டு, பாண்டி என்று ஆபீஸில் சிரித்தார்கள் என்று முதல் மாதம் வந்து மெத்தையில் முகம் புதைத்துக் கிடந்தாய். அதிலிருந்து நீ வீட்டில்கூட மலையாளமே பேச ஆரம்பித்தாய். உன் பேச்சைக் கேட்டுச் சிரித்த அதே மேஜையில் உட்கார்ந்துதான் லூர்தக்காவின் பேச்சை அவர்கள் சிரிப்பதற்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாய். அவர்கள் உன்னைத் தட்டிக்கொடுத்தபோது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் இவ்வளவு பதறுகிறேன் மக்கா.

என் பங்குக்கு நான் செய்ததைக் கேள். இன்று காலை அந்த அஞ்சு ஸ்டாரை எடுத்துவிட்டு, அதே இடத்தில் என் பெயரில், என் போட்டோவோடு இப்படி எழுதினேன்: "இவர்களுடைய சாப்பாட்டை நான் சாப்பிட்டதே இல்லை. இந்தப் பேஜில் வேலை பார்க்கும் என் மகன் சொன்னதால் முன்பு பொய்யாக எழுதினேன். அதை நம்பி ஏமாந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." உன்னிடம் கேட்காமல் செய்தது தப்பு என்றால் திட்டிக்கொள். நான் அனுப்பிய மூன்று பேரையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். என் தங்கை, "ஒரு தமாசுக்கு இவ்வளவா?" என்று கேட்டாள். வாயை மூடடி என்றேன்.

இனி இன்றைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறேன். இதை எழுத உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால் லூர்தக்கா போன் செய்தாள். "மோன் என்ன சொன்னான் சேச்சி?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. அது நான் சொல்ல வேண்டிய உண்மையும் இல்லை. உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஷைனியின் போனிலிருந்துதான் வரும், தெரியாத நம்பராக இருக்கும். அவள் உன்னைத் திட்டமாட்டாள். யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமல், "மக்கா, நல்லா இருக்கியா? சேச்சி சொல்லிச்சு, ஒனக்கு இது பற்றும்னு. இந்த ஏழைக்கு ஒரு உபகாரம் செய்யணும்" என்று கெஞ்சுவாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆறு மணி வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. அவள் கூப்பிடும் முன்னால் நீ கூப்பிடு. ஏழு மணிக்கு நான் அவள் வீட்டில் இருப்பேன். நீ சொல்லியிருந்தால் அவள் பக்கத்தில் உட்காருவேன். சொல்லவில்லை என்றால், அதைச் செய்தவனைப் பெற்றவள் நான்தான் என்று நானே சொல்வேன்.

இப்போது மணி பதினொன்று. அப்பா பக்கங்களைப் படம் எடுக்க வந்துவிட்டார்.

உன் அம்மா